லினக்ஸில் திரை சிமிட்டல்: எங்களுக்கு நடந்தவை

மடிக்கணினி, உபுண்டு. எழுத்து வேலைக்கு வைத்திருக்கிறேன். மும்முரமாகத் தட்டச்சு செய்யும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கையை எடுத்துவிட்டு ஒரு பத்தியைப் படிக்க உட்கார்ந்தால் திரை படக்கென்று சிமிட்டும். மவுஸை அசைத்தால் நின்றுவிடும். திரையைப் பதிவு செய்து பார்த்தேன், பதிவில் சிமிட்டலே இல்லை. அப்படியென்றால் டெஸ்க்டாப் வரைந்து அனுப்பிய படம் சரி, அது திரைக்குப் போய்ச் சேரும் வழியில்தான் கோளாறு.

காரணம் பிஎஸ்ஆர் (பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்) என்ற மின்சேமிப்பு வசதி. படம் மாறாமல் இருக்கும்போது கிராபிக்ஸ் சிப் புதிய ஃபிரேம் அனுப்புவதை நிறுத்திவிடும். திரை தன் சொந்த நினைவகத்தில் உள்ள படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலைக்குள் போகும்போதோ வெளியே வரும்போதோ சில பேனல்கள் தடுமாறுகின்றன. என்னுடையது இன்டெல் கிராபிக்ஸ், அதன் டிரைவர் பெயர் ஐ915. பூட் ஆகும்போது கிரப் மெனுவில் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் மெனு) இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்று சேர்த்தேன் (ஆங்கில எழுத்தில்தான், தெரிந்ததே). இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். சிமிட்டல் போனது உறுதியான பிறகுதான் கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதினேன். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை.

நெட்டில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘நோமோட்செட் போடு’ என்கிற பதில். இதுவும் அதே வரியில் சேர்க்கும் ஒரு சொல்தான். ஆனால் அது கிராபிக்ஸ் டிரைவரையே ஓரங்கட்டிவிடும். ரெசல்யூஷன் குறையும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாமல் போகலாம். கருந்திரையில் மாட்டிக்கொண்டால் உள்ளே நுழைய உதவும், அதோடு சரி.

---

சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நண்பர் சொன்ன பதிவுச் சோதனை நல்ல வழி. அதற்கும் முன்னால், லினக்ஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய்ச் சற்று நேரம் பாருங்கள். அங்கேயும் சிமிட்டினால் லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கும்போது கூடிக் குறைந்தால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள்தான்.

ஒரு வாடிக்கையாளர் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் மானிட்டர் ஒரு நொடி கறுத்துப்போகும் என்றார். சிரிக்காதீர்கள், இது உண்மையிலேயே நடப்பது. கேஸ் லிஃப்ட் வைத்த சுழல் நாற்காலியில் நிலைமின்சாரம் கிளம்பி, சரியான உறையில்லாத கேபிளைப் பாதிக்கும். நல்ல கேபிள் மாற்றினோம், நின்றது. டிரைவரை அழித்து அழித்துப் போட்டிருக்கிறார் பாவம்.

---

என் கதை வேறு. தனி என்விடியா கிராபிக்ஸ் கார்டு, அவர்களுடைய தனியுரிம டிரைவர், வேலண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை; பழையது எக்ஸ் அல்லது எக்ஸ்11). எல்லாச் செயலிகளும் சிமிட்டவில்லை, பழைய எக்ஸ் முறையில் எழுதப்பட்டு, எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலம் வழியாக வேலண்டில் ஓடுபவை மட்டும். தட்டச்சு செய்தால் அடித்த எழுத்து மறைந்து மறுபடி வரும், பழைய ஃபிரேம் எட்டிப் பார்ப்பது மாதிரி. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கும் முன்பே அது திரைக்குப் போய்விடுவதுதான் சிக்கல். வரைந்தாயிற்று என்று வெளிப்படையாகத் தெரிவிக்கும் எக்ஸ்பிளிசிட் சிங்க் 2024ல் வந்தது. ஆனால் மூன்று இடத்திலும் அது இருக்க வேண்டும்: எக்ஸ்வேலண்ட் 24.1, என்விடியா டிரைவரின் 555 வரிசை, டெஸ்க்டாப் கேடிஇ என்றால் அதன் பிளாஸ்மா 6.1. ஒன்று பழையதாக இருந்தாலும் பிரச்சினை அப்படியே நிற்கும். என்னிடம் டிரைவர் புதியது, எக்ஸ்வேலண்ட் பழையது. டிஸ்ட்ரோவை அடுத்த பதிப்புக்கு ஏற்றும்வரை எக்ஸ்11 செஷனில்தான் ஓட்டினேன்.

---

அண்ணா, எனக்குக் கர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் ரெசல்யூஷனே போய்விட்டது, டிரைவர் ஏறவில்லை. கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் மாட்யூலை மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ், புதிய கர்னலுக்கும் அதை ஒழுங்காகக் கட்டித்தான் வைத்திருந்தது. கர்னல் லாகைப் பார்த்தால் கையொப்பம் ஏற்கப்படவில்லை என்று இருந்தது. நம்பிக்கையான கையொப்பம் இல்லாததை ஏற்றவிடாத செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது, அதனால் வந்தது. பலர் அதை அணைத்துவிடச் சொல்கிறார்கள். நான் அணைக்கவில்லை, மோக்யூட்டில் என்ற கட்டளையில், மாட்யூலில் கையொப்பமிட்ட சாவியை (இதைத்தான் மோக் என்பார்கள்) இம்போர்ட் செய்து ஒரு கடவுச்சொல் கொடுத்தேன். ரீபூட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும், அதில் என்ரோல் மோக் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். டீ எடுக்கப் போய்விடாதீர்கள். சில நொடி எதையும் தொடாவிட்டால் அது தானாகவே பூட் ஆகிவிடும், சாவி பதிவாகாது, இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.