மூன்றாம் வகுப்புக்குள் அம்மாக்கள் வரலாமா?

கெடிலக்கரை:
கடலூரில் என் பையன் படிக்கிற அரசு தொடக்கப் பள்ளியில், போன மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நாலு பெற்றோர் மூன்றாம் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து, பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கட்டும் என்று. டீச்சர் ஒரே பேச்சில் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அடுத்த மாதம் பிச்சாவரம் சுற்றுலாவுக்கு மட்டும் துணைக்குப் பெற்றோர் வேண்டுமாம். பஸ்ஸில் பிள்ளை வாந்தி எடுத்தால் துடைக்க நாங்கள் வேண்டும், புத்தகம் படிக்கும்போது பக்கத்தில் இருக்கக் கூடாதா?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
நான் வேறு பள்ளி, ஆனால் அவர் சொன்னது சரி என்றுதான் சொல்வேன். 2022-ல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் சொல்லித் தருகிறோம். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளை அரும்பில் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வந்து அதைக் கேட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் குழாயடியில் "உன் மகன் இன்னும் அரும்புலயே இருக்கானாமே" என்று பேச்சு கிளம்பும். மறுநாள் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது, அதைத் திறக்க வைக்க எனக்கு ஒரு பருவம் ஆகும். சுற்றுலாவில் எந்தப் பிள்ளையின் குறையும் வெளியே வராது, அங்கே எண்ணி ஏற்றி எண்ணி இறக்க ஆள் இருந்தால் போதும்.

பாண்டி அப்பா:
இதை என்னால் ஏற்க முடியவில்லை டீச்சர். 2021-ல் உங்கள் பக்கம் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தபோது தெருவில் இருக்கிற அக்காக்கள்தானே மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் திண்ணையில் பாய் விரித்து இதே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்? அப்போது போகாத மானம் இப்போது வகுப்பறைக்குள் போய்விடுமா? கல்வி உரிமைச் சட்டம் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போகவா அது? என் மகளை இங்கே புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு அழைத்துப் போகிறேன். 1827-ல் இருந்து இருக்கிற நூலகம், அங்கே புத்தகம் எடுக்கப் போனால் நீ அரும்பா மலரா என்று யாரும் கேட்பதில்லை.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
நூலகத்தில் உங்கள் மகள் உங்களோடு இருக்கிறாள், ஊரே உட்கார்ந்து கேட்கவில்லை. இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், தினமும் அதே அக்கா, அதே பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். பிள்ளைக்கு ஒட்டுதல் வந்துவிடும். வாரத்துக்கு வாரம் ஆள் மாறி வந்து, கையில் செல்போனோடு உட்கார்ந்து, தன் பிள்ளை படிக்கும்போது மட்டும் வீடியோ எடுப்பது வேறு. (ஆமாம், எடுக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு வந்து பாருங்கள்.)

துறைமுகத்து மகள்:
ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு யாரால் வர முடியும்? விடியலில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தெருத்தெருவாகக் கூடை சுமந்து மீன் விற்கிற அம்மா வரமாட்டார். வேலைக்குப் போகாத நாலு அம்மாக்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அப்புறம் அவர்கள் பிள்ளைதான் முதல் வரிசை, புதுப் புத்தகம் வந்தாலும் முதலில் அவர்கள் பிள்ளை கையில்தான்.

சுற்றுலா பற்றியும் கேட்கிறேன், எட்டு வயதுப் பிள்ளையை எதற்குப் பிச்சாவரம் வரைக்கும்? பஸ் வாடகை, படகுக் காசு கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு வீட்டில் "காய்ச்சல்" என்று படுத்துக்கொள்ளும். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம் இருக்கிறது. 1690-ல் மராட்டியரிடம் வெள்ளைக்காரன் வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் நிலமும் அவனுக்கு என்று பேச்சு, அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். இந்தக் கதையை அந்த இடத்தில் நின்று சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்? பக்கத்திலேயே கடல், வலை, படகு. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தெரு அம்மா அங்கே வந்து எந்த வலையில் எந்த மீன் விழும் என்று சொல்வார், அவருக்கும் அன்றைக்குத் தன்னார்வலர் என்று பெயர்.

பாண்டி அப்பா:
இது நல்ல யோசனை, ஆனாலும் பிச்சாவரத்தைக் கழித்துக்கட்டாதீர்கள். சதுப்புக்காட்டைப் பாடப் புத்தகப் படத்தில் பார்ப்பதும் படகில் போய்ப் பார்ப்பதும் ஒன்றா?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
ஒன்றில்லைதான். ஆனால் அங்கே சுரபுன்னையோடு தில்லையும் இருக்கிறது, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகு கிளை ஓரமாகப் போகும்போது இலை பறிக்காதே என்று கையைப் பிடிக்க ஆள் வேண்டும். சட்டப்படி 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், அந்த ஓர் ஆசிரியர் எத்தனை படகில் ஏறுவார்? அதற்குத்தான் பெற்றோரைக் கூப்பிடுகிறோம், வாந்தி துடைக்க இல்லை.

வாசிப்புக்கு வேண்டுமானால் ஒன்று செய்யலாம். பெற்றோர் வந்து கதை படித்துக் காட்டட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். யார் எந்த நிலை என்று தெரியவே வராது, நானே கதவைத் திறந்து விடுவேன்.

பாண்டி அப்பா:
கேட்பதால் மட்டும் வாசிப்புப் பழக்கம் வந்துவிடாது டீச்சர், பிள்ளை வாய்விட்டுத் தப்புத் தப்பாகப் படித்துத்தான் ஆக வேண்டும். வெட்கத்தைக் காரணம் காட்டி அதைத் தள்ளிக்கொண்டே போனால் ஐந்தாம் வகுப்பில் வெட்கம் இன்னும் பெரிதாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
படிக்கட்டும், என்னிடம் படிக்கட்டும். தினமும் கேட்கிறேனே.

துறைமுகத்து மகள்:
கதை சொல்வதானால் நேரத்தைக் காலையில் வையுங்கள், காலை உணவு முடிந்த கையோடு. பிள்ளையை விட வருகிற அப்பாக்களும் பத்து நிமிடம் நிற்கலாம். அம்மா அம்மா என்றே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கெடிலக்கரை:
சரி, பஸ்ஸுக்கு முன்பணம் கட்ட வேண்டுமாம், செவ்வாய்க்கிழமைக்குள் பிச்சாவரமா தேவனாம்பட்டினமா என்று சொல்லச் சொல்கிறார்கள். நான் தேவனாம்பட்டினத்துக்குக் கை தூக்கப் போகிறேன், காசு கட்ட முடியாத பிள்ளை விஷயத்தையும் அங்கேயே கேட்பேன். கதை சொல்கிற யோசனையை டீச்சரிடம் கொண்டுபோகிறேன். ஆனால் படிப்பதைக் கேட்கக் கூடாது என்பதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை, அடுத்த கூட்டத்தில் திரும்பவும் கேட்பேன்.