பாங்காக்கில் டுக்டுக்கை நாள் முழுவதும் பேசி எடுத்துக்கொள்ளலாமா?

கடைக்குட்டி:

வணக்கம். ஜனவரியில் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு பாங்காக் போகிறேன். ஒரு நாளைப் பழைய நகரத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். அரண்மனை, சயனப் புத்தர், ஆற்றின் அக்கரையில் இருக்கும் வாட் அருண் கோயில், பூச்சந்தை, சைனாடவுன், சீலோம் மாரியம்மன் கோயில்: இது அம்மா போட்ட பட்டியல். அப்பாவுக்கு முழங்கால் வலி. படி ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் யாராவது கை கொடுக்க வேண்டும்.

காலையிலிருந்து மாலை வரை ஒரு டுக்டுக்கை (அந்த ஊர் மூன்று சக்கர ஆட்டோ) எங்களுக்கென்றே பேசி வைத்துக்கொண்டால் என்ன என்று யோசிக்கிறேன். அப்பாவுக்கும் ஆசை. அலுவலகத் தோழி ஒருத்தி போன வருடம் போயிருந்தாள். "நான்கு இடம், 40 பாத்" என்று ஒரு ஓட்டுநர் கூப்பிட்டாராம். பாதி நேரம் தையல் கடையிலும் நகைக்கல் கடையிலும் போய்விட்டது, ஆனாலும் மலிவுதானே என்கிறாள். அப்படி எடுக்கலாமா? மூன்று பேர் வசதியாக உட்கார முடியுமா?

நெடுஞ்சாலை:

வயதானவர்களோடு போகிறீர்கள். ஏசி வேன் எடுங்கள், வழிகாட்டியோடு கிடைக்கிறது. டுக்டுக் எல்லாம் கல்லூரிப் பையன்களுக்கு. புகையும் வெயிலும் சேர்ந்து மதியத்துக்குள் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும்.

கல்வியாபாரி:

சீலோம் பகுதியில் நிறக்கல் வியாபாரத்தில் இருக்கிறேன். டுக்டுக்கில் ஏறி இறங்குவது எனக்கு அன்றாட வேலை. உங்கள் தோழியைக் கூட்டிப்போனது போன்ற கடைகளில் கல் வாங்கியவர்கள், "இது என்ன விலை போகும்?" என்று கேட்டுக்கொண்டு என் மேசைக்கும் வந்து சேர்வது உண்டு. அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 40 பாத் கணக்கு. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அரை நாள் சுற்றினால் எரிவாயுவுக்கே அது காணாது. மீதியைக் கொடுப்பது கடைக்காரர். பயணியைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டாலே ஓட்டுநருக்கு எரிவாயுக் கூப்பன். பயணி ஏதாவது வாங்கினால் கமிஷன் தனி. ஆகவே அந்த வண்டி உங்களுக்காக ஓடுவதில்லை, கடைக்காக ஓடுகிறது. உங்கள் தோழி கல் எதுவும் வாங்காமல் திரும்பியிருந்தால் அவருக்கு நஷ்டம் பாதி நாள் மட்டும்தான். பரவாயில்லை என்று விட்டுவிடலாம்.

வாங்கியவர்கள் கதை வேறு. ஒரு அம்மாள் சிவப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு சான்றிதழ் அட்டை. ஊருக்குப் போகும்வரை உறையைப் பிரித்தால் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிரிக்கச் சொன்னேன். பத்து மடங்கு லென்ஸில் வைத்துக் கல்லை மெல்லச் சாய்த்தால் விரிசலுக்கு விரிசல் நீல வெளிச்சம் ஓடியது, நடுநடுவே தட்டையான காற்றுக்குமிழிகள். விரிசல் நிறைந்த மட்டமான மாணிக்கத்துக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி இறக்கிய கல் அது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துப்போகும், பத்தர் ஊதுகுழலைக் காட்டினால் கேட்கவே வேண்டாம். மாணிக்கம் என்று அதை விற்றவர் முழுப் பொய் சொல்லவில்லை, அங்கேதான் சாமர்த்தியம். (நிறம் மெருகேறச் சூடேற்றிய நீலக்கல்லையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தைக்கு வரும் நீலத்தில் பெரும்பகுதி சூடேற்றியதுதான். அதைச் சொல்லி விற்பது நேர்மையான வியாபாரம்.)

ஆள் பிடிக்கும் முறையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை மதிலோரம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் நிற்பார். நல்ல ஆங்கிலம் பேசுவார். "இன்று விசேஷ பூஜை, அரண்மனை மதியத்துக்கு மேல்தான் திறக்கும்" என்று வருத்தத்தோடு சொல்வார். அதுவரை வேறு கோயில்களைப் பார்க்கலாமே என்று ஒரு டுக்டுக்கையும் காட்டுவார். அந்தக் கோயிலில் தற்செயலாக இன்னொருவர் இருப்பார். அரசாங்கமே தள்ளுபடியில் கல் விற்கும் கடைசி நாள் இன்றுதான் என்பார். அரண்மனை காலை 8.30க்குத் திறக்கிறது, பிற்பகல் 3.30 வரை டிக்கெட் கொடுக்கிறார்கள். அரச சடங்குகளுக்காக மூடுவதும் உண்டு. அதை வாயிலில் இருக்கும் காவலர் சொல்லட்டும். தெருவில் நிற்பவர் சொல்லிக் கேட்க வேண்டாம். ஏதாவது தொந்தரவு என்றால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம்.

இவ்வளவும் சொன்னதால் டுக்டுக்கே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நெடுஞ்சாலை சொல்லும் வேன் பழைய நகரத்துக்குள் எங்கே நிற்கும்? நிறுத்த இடம் இருக்கும் மூலைக்குப் போய்விடும், அங்கிருந்து அப்பா வெயிலில் நடக்க வேண்டும். டுக்டுக் வாசலிலேயே இறக்கிவிடும். வண்டி நல்ல வண்டிதான். நாள் முழுவதும் பேசி எடுப்பதில்தான் வினை. நீங்கள் அரண்மனைக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் அவர் வெளியே சும்மா நிற்கிறார். அந்த நேரத்தை எப்படிக் காசாக்குவது என்று யோசித்தால் கடைதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பேசி ஏறுங்கள், இறங்கியதும் காசைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

விலைதான் பலருக்குப் புரிவதில்லை. டுக்டுக்குக்கு மீட்டர் கிடையாது. ஏசி போட்ட மீட்டர் டாக்ஸி 35 பாத்தில் தொடங்குகிறது. டுக்டுக்கில் பக்கத்து இடத்துக்கே 100, 150 கேட்பார்கள், கொஞ்சம் பேசிக் குறைக்கலாம். டாக்ஸியைவிட அதிகமாகக் கேட்கும் ஓட்டுநரைக் கண்டு பயப்பட வேண்டாம், அவர் உங்கள் காசில் பிழைக்கப் பார்க்கிறார். டாக்ஸியைவிட மலிவாகக் கூப்பிடுகிறவரிடம் ஏறாதீர்கள். போகும் இடத்தைக் கைபேசி வரைபடத்தில் தாய் எழுத்தில் காட்டுங்கள், தொகையை எண்ணாகத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், அது மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் என்று விரல் நீட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். 20, 100 பாத் நோட்டுகளாக வைத்திருங்கள். ஆயிரத்தை நீட்டினால் சில்லறை வராது.

அந்த ஒரு நாளுக்கு நான் திட்டம் போட்டால் இப்படிப் போடுவேன். விடுதியிலிருந்து சுரங்க ரயிலில் சனாம் சாய் நிலையம். சுகும்வித் பக்கம் தங்குவதாக இருந்தால் அங்கிருந்து டுக்டுக்கில் வரவே வராதீர்கள், நெரிசலில் பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேராக மூக்கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சனாம் சாயில் இறங்கினால் சயனப் புத்தர் இருக்கும் வாட் போ பக்கத்திலேயே. ஆனால் கூட்டம் சேருமுன் அரண்மனையை முடிப்பது நல்லது. அதன் நுழைவாயில் வடக்குப் பக்கம் நா ப்ரா லான் சாலையில் இருக்கிறது. மதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அப்பாவுக்கு அது நடக்கிற தூரமில்லை. முதல் டுக்டுக் அங்கே. டிக்கெட் 500 பாத். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆகவே அப்பாவுக்கு அரைக்கால் சட்டை வேண்டாம்.

இரண்டாவது டுக்டுக்கில் வாட் போ. புத்தர் 46 மீட்டர் நீளம். தலைமாட்டிலிருந்து நடந்து பாதத்துக்கு வரும்போது அவசரப்படாதீர்கள், பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு அந்த ஊரில் இருக்கும் பதிப்பு வேலைகளில் அதற்கு மேல் கிடையாது. வாட் அருணுக்கு வண்டி தேவையில்லை, தா தியான் துறையிலிருந்து படகு, 5 பாத். அங்கே படிகள் செங்குத்து. அப்பா கீழே நிழலில் உட்காரட்டும், பீங்கான் பூக்கள் கீழிருந்தே நன்றாகத் தெரியும்.

பிறகு விடுதிக்குப் போய் ஓய்வெடுங்கள். மாலையில் பூச்சந்தைக்கும் சைனாடவுனுக்கும் திரும்பி வாருங்கள். மாரியம்மன் கோயிலை இந்த நாளில் திணிக்காதீர்கள், அது சீலோமில் இருக்கிறது, திசையே வேறு.

மூன்று பேர் உட்காரலாம், நெருக்கமாக. அங்கேயும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுவதால் அப்பாவை இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், நடைபாதைப் பக்கம் இறங்குவார். கைப்பை நடுவில் இருப்பவர் மடியில். சிக்னலில் பச்சை விழுந்ததும் பந்தயக் குதிரை மாதிரி கிளம்புவார்கள், கம்பியை விடக் கூடாது. இன்னொன்று: கூரை மிகத் தாழ்வு. உட்கார்ந்துகொண்டு கோபுரம் பார்க்கலாம் என்று நினைத்தால் நடக்காது. கடைப் படிகளும் பஸ் சக்கரங்களும்தான் தெரியும்.

இரவுலாவி:

கல்வியாபாரி ஐயா சொன்னதில் ஒன்றே ஒன்றுக்கு மறுப்பு. பகலுக்கு அவர் சொல்வது சரி. இரவுக்கு நாங்கள் ஒரு டுக்டுக்கை மொத்தமாகவே எடுத்தோம். முன்பதிவு, விலை முன்பே முடிவு, எந்தெந்த இடம் என்று எழுத்தில். பூச்சந்தையில் இறங்கி நடந்தோம். சாமந்தி மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு பாட்டி மல்லிகை மொட்டுகளை நீண்ட ஊசியில் வரிசையாகக் கோத்து மாலையாக இழுத்தார். என் மாமியார் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார், வண்டிக்கு வர மனமில்லை. அப்புறம் சைனாடவுனின் யாவரத் தெரு முழுக்க விளக்குப் பலகைகள். வெயில் இல்லை, நெரிசலும் குறைவு. ஓட்டுநர் காத்திருந்ததால்தான் மாமியார் நிம்மதியாக நின்று பார்க்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் பேரம் பேசிக்கொண்டிருந்தால் அது கெட்டிருக்கும்.

கல்வியாபாரி:

ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் இடமும் விலையும் இருந்து, கடைகளும் மூடிய நேரம் என்றால் ஓட்டுநர் எங்கே கூட்டிப்போவார்? கடைக்குட்டி, மாலைக்கு அப்படியே செய்யுங்கள். யாவரத் பக்கம் போகும்போது வாட் த்ரைமித் கோயிலையும் சேருங்கள், ஆனால் அது மாலையிலேயே மூடிவிடும், அதை முதலில் வையுங்கள். ஐந்தரை டன் தங்கப் புத்தர். வெகுகாலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இருந்தார், யாருக்கும் தெரியாது. 1955இல் இடம் மாற்றத் தூக்கியபோது கயிறு அறுந்து விழுந்து பூச்சு உடைந்தது. எங்கள் தொழிலில் நடப்பதற்கு நேர்மாறு.

தனியாக எடுக்கத் தயக்கம் என்றால் முவ்மி என்று ஒரு செயலி இருக்கிறது. மின்சார டுக்டுக், கட்டணம் முன்கூட்டியே தெரியும், புகையும் சத்தமும் இல்லை. வேறு பயணிகளும் ஏறுவார்கள், குறித்த நிறுத்தங்களில்தான் நிற்கும், அவ்வளவுதான்.

கடைக்குட்டி:

எல்லோருக்கும் நன்றி. பகலில் தனித்தனி வண்டி, மாலையில் முன்பதிவு என்று முடிவு செய்துவிட்டோம். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கல் வாங்கப் போவதில்லை என்று அம்மாவும் சொல்லிவிட்டார், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான். இரண்டு கேள்விகள். அப்பா ஓட்டுநர் பக்கத்தில் உட்கார முடியுமா? பழைய நகரத்தில் நம் ஊர்த் தொடர்புள்ள இடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அம்மா கேட்கிறார்.

கல்வியாபாரி:

முன்னால் இடமே கிடையாது. ஓட்டுநர் இருக்கை ஒருவருக்கு மட்டும்.

அம்மாவுக்கு: பெரிய ஊஞ்சல் என்று எந்த ஓட்டுநரிடம் படத்தைக் காட்டினாலும் போவார். நடுச்சாலையில் சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு ஓங்கிய தேக்குத் தூண்கள். 1784இல் தாய்லாந்து அரசர் முதலாம் ராமா காலத்தில் நிறுவியது, ஊஞ்சலாடும் விழாவை 1935இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது இருக்கும் மரங்கள் 2007இல் மாற்றியவை. அதன் அருகிலேயே சிறிய வெள்ளைச் சுவர்களோடு பிராமணர் கோயில் இருக்கிறது. அங்குள்ள அரச புரோகிதர்கள் புத்தாண்டுச் சடங்கில் திருவெம்பாவையை ஓதுகிறார்கள். உச்சரிப்பு வெகுதூரம் போய்விட்டது, தமிழ் என்று காதில் பிடிபடாது. எழுத்தும் தாய்லாந்துக்கே உரிய பழைய கிரந்தம். நீங்கள் ஜனவரியில் வருவதால் கோயிலில் கேட்டுப் பாருங்கள், நாள் ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். எதிரிலேயே வாட் சுதாட், கூட்டமில்லாத பெரிய கோயில். அப்பா உட்கார நிறைய இடம்.

சீலோம் மாரியம்மனுக்கு வேறொரு மாலை வாருங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, கைபேசியை முதலிலேயே பைக்குள் போட்டுவிடுங்கள். தேங்காய், பூத்தட்டு வாசலிலேயே விற்கிறார்கள்.