கிற்றாரில் முதல் பத்துப் பேர் யார்? எதை வைத்துத் தெரிவுசெய்வது?

கல்லடிப் பொடியன்:

வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கிற்றார் படிப்பிக்கிறேன், பெரும்பாலும் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு இருப்பவர்கள், ஏ.எல். படிக்கிற சிலரும் வருவார்கள். எல்லோருக்கும் நாலைந்து கோட்ஸ் (பல சுரங்களைச் சேர்த்து அடிப்பது) வரும், இரண்டு மூன்று சினிமாப் பாட்டும் வாசிப்பார்கள், ஆனால் இந்த வாத்தியத்தை உலகத்தில் யார் யார் எங்கெங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் வருகிற விடுமுறையில் பத்துச் சனிக்கிழமை, ஒவ்வொரு கிழமையும் ஒரு கலைஞரைப் போட்டுக் கேட்டு, மறுகா இருந்து கதைப்பது என்று திட்டம் போட்டோம்.

அந்தப் பத்துப் பேர் யார் என்பதில்தான் சண்டை. என்னோடு சேர்ந்து படிப்பிக்கிற நண்பன் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் 2023 பட்டியலோடு வந்தான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், சக் பெரி, ஜிம்மி பேஜ், எடி வான் ஹேலன் என்று போகிறது, முதல் பத்தில் எரிக் கிளாப்டன் இல்லவே இல்லை. அதே சஞ்சிகை 2011இல் கிளாப்டனை 2ஆம் இடத்தில் வைத்திருந்தது! இன்னொருவன் இதெல்லாம் சும்மா பேச்சு, வேகத்தையும் சுத்தத்தையும் பார்த்தால் இங்வே மல்ம்ஸ்டீனுக்குக் கிட்ட இவர்களில் யாரும் வர முடியாது என்கிறான். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இன்னார்தான் முதலாவது என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நியாயம் வேண்டும். நீங்கள் என்றால் எதை வைத்துத் தெரிவுசெய்வீர்கள்?

கோட்டைமுனை வாசகன்:

தம்பி, அந்தச் சஞ்சிகையின் பழைய பட்டியல்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003இல் வந்த நூறு பேரை ஒரு விமர்சகர்தான் தெரிவுசெய்தார். அதில் வான் ஹேலனுக்கு 70ஆம் இடம், பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மருக்கு 82. 2011இல் வாசிக்கிற கலைஞர்களையும் சேர்த்து வாக்கு எடுத்தார்கள், வான் ஹேலன் 8, கில்மர் 14. இடைப்பட்ட எட்டு வருடத்தில் இந்த இரண்டு பேரும் புதிதாக என்ன கற்றுக்கொண்டார்கள்? வான் ஹேலன் இரண்டு கையாலும் ஃப்ரெட் பலகையில் (தந்தியை அமத்துகிற கழுத்துப் பகுதி) தட்டி வாசித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த அந்த முதல் இசைத்தட்டு 1978இல் வந்தது. 2003இலும் அதுதான் இருந்தது, 2011இலும் அதுதான். யாரிடம் கேட்டார்கள் என்பது மட்டும்தான் மாறியது. விமர்சகர் இவரால் இசை எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்ப்பார், வாசிக்கிற ஆள் தான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் யாரைப் பார்த்துப் பழகினேன் என்று நினைப்பார். இரண்டுமே நியாயமான கேள்விதான், ஆனால் அவற்றின் விடைகளை ஒரே வரிசையில் அடுக்கினால் இப்படித்தான் 70க்கும் 8க்கும் இடையில் ஓடித்திரிய வேண்டிவரும்.

அதனால் யார் பெரியவர் என்று தெரிவுசெய்யாதீர்கள், எதில் பெரியவர் என்று பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். ப்ளூஸ் இசைக் கலைஞர் பி.பி. கிங்கை எடுங்கள், மனுசன் பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார், வேகமும் இல்லை, ஆனால் ஒரே ஒரு சுரத்தை நெளித்து விரலை அதிரவிட்டால் அது அவர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வேகத்தால் அளந்தால் அவருக்கு எங்கே இடம் கிடைக்கும்?

இன்னொன்று, ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டையும் பிளாக் சபத் குழுவின் டோனி அயோமியையும் ஒரே சனிக்கிழமையில் போடுங்கள். 1928இல் வண்டிவீடு தீப்பிடித்ததில் ஜாங்கோவின் இடது கையில் இரண்டு விரல் முடங்கிவிட்டது, மீதி இரண்டு விரலால்தான் அந்த லீட் (மெட்டைத் தனியாக எடுத்து வாசிப்பது) எல்லாம். அயோமிக்குத் தகட்டுத் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல்நுனி போனது, அவர் இடக்கைக்காரர், தந்தியை அமத்துகிற கையே அதுதான். இனி வாசிக்க முடியாது என்று இருந்தவருக்குத் தொழிற்சாலையில் மேலே இருந்த ஒருவர்தான் ஜாங்கோவின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டி, இவர் இரண்டு விரலால் வாசிக்கிறார் என்றார். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய தந்தி போட்டார், பின்னாளில் தந்தியின் இழுவிசையையும் குறைத்தார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த சத்தத்துக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அமத்துகிற முதல் பாரே கோட்டிலேயே விரல் நோகுது என்று கிற்றாரைக் கீழே வைக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்?

கல்முனை ஸ்ட்ராட்:

எதில் எதில் என்று பிரித்துக்கொண்டே போனால் எல்லோரும் ஏதோ ஒன்றில் முதலாவதுதான் அண்ணன், அப்படி ஒருவரையும் சொல்லாமல் தப்ப முடியாது. 2003, 2011, 2023 மூன்றிலும் மாறாமல் நிற்கிறது முதலாம் இடம், ஹென்ட்ரிக்ஸ். விமர்சகரும் அவரைத்தான் சொன்னார், கலைஞர்களும் அவரைத்தான் சொன்னார்கள். 1966இல் லண்டனுக்கு வந்தவர், 1970 செப்டெம்பரில் 27 வயதில் இறந்துவிட்டார், இடையில் நாலு வருடம்கூட முழுதாக இல்லை. வலக்கைக்காரருக்குச் செய்த ஸ்ட்ராட் கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்துத் தந்தியை மாற்றிப் போட்டு வாசித்தார். அம்பில் (கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) கீச்சென்று வருகிற ஃபீட்பேக் பலருக்குத் தொல்லை, அவர் அதையே சுரமாக ஆக்கினார். 1969இல் வூட்ஸ்டொக் இசைவிழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது குண்டு விழுகிற சத்தமும் அதே ஆறு தந்தியில் வந்தது, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். போருக்குள் வளர்ந்த எங்கள் ஆக்களுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் சனிக்கிழமை அவர்தான், அதில் விவாதமே வேண்டாம்.

தாண்டவன்வெளி அக்கா:

ஹென்ட்ரிக்ஸ் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை தம்பி. ஆனால் மூன்று பட்டியலும் ஒத்துப்போவதை வைத்து நியாயம் சொல்வது சரியில்லை. 2003இன் நூறு பேரில் பெண்கள் இரண்டே பேர், ஜோனி மிட்செலும் ஜோன் ஜெட்டும். சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் பெயரே அதில் கிடையாது. 2023இல் அவருக்கு 6ஆம் இடம். அவர் இறந்தது 1973இல்! தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், 1938இலேயே இசைத்தட்டுப் பதிவுசெய்தவர், ரொக் அன்ட் ரோல் என்று ஒன்று பெயர் எடுப்பதற்கு முன்பே அதை வாசித்தவர். 1964இல் மான்செஸ்டரில் கைவிட்ட ஒரு ரயில் நிலைய மேடையில், மழை ஈரத்தில், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு மின்கிற்றாரோடு வந்து நிற்கிற ஒளிப்பதிவு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், நன்றாக வாசிப்பார்கள், ஆனால் வெளியில் ஒரு இசைக்குழு என்று வந்தால் பொடியன்கள் அவர்களைப் பாடத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் பத்துச் சனிக்கிழமையும் பத்து ஆண்களாகவே இருந்தால் அந்தப் பிள்ளைகள் அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்வார்கள்? ஜோனி மிட்செலையும் சேருங்கள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானதால் வழக்கமான கோட் பிடிப்புகள் சிரமம், ஆகவே தந்திகளையே வேறு வேறு விதமாகச் சுருதி கூட்டிக்கொண்டார். அந்தச் சுருதிகளில் வருகிற கோட்ஸ் வேறு யாரிடமும் கேட்காத மாதிரி இருக்கும்.

ரிதம் கை:

எல்லோரும் லீட் வாசிக்கிறவர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் கலியாண வீடுகளில் ரிதம் (பாட்டுக்குப் பின்னால் தாளத்தோடு கோட்ஸ் அடிப்பது) வாசிக்கிறவன். எங்கள் மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணத்தில் காப்பிரிஞ்ஞா ஆட்டம் போகும்போது பாருங்கள், மெட்டை வயலின் கொண்டுபோகும், எல்லோரும் வயலின்காரரைத்தான் பார்ப்பார்கள், ஆனால் கிற்றாரின் அடி ஒருதரம் சறுக்கினால் ஆடுகிற சோடிகளின் கால் நின்றுவிடும். பைலாவும் அப்படித்தான். அந்தக் கையை எந்தப் பட்டியலில் அளக்கிறீர்கள்?

ஃபிரெடி கிரீன் என்று ஒருவர் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்து 1987இல் இறக்கும் வரை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் வாசித்தார், தனியாக லீட் எடுத்தது அருமையிலும் அருமை. அந்தக் குழுவின் நடையே அவர் கையில்தான் இருந்தது. 2023 பட்டியலில் நைல் ரொஜர்ஸுக்கு 7ஆம் இடம் கொடுத்தது எனக்குப் பெரிய சந்தோசம், ஏனென்றால் அவர் முழுக்க முழுக்க ரிதம் கை. எங்கள் பக்கத்துப் பாட்டு என்றால் 1982இல் வந்த 'இளைய நிலா'வைப் போடுங்கள். அந்தக் கிற்றாரை வாய்க்குள் முணுமுணுக்காத தமிழர் இல்லை, வாசித்த ஆர். சந்திரசேகரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

காரைதீவு வீணை:

நான் வீணைக்காரி, எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது. விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், இல்லாமல் போன யாழின் சுருதியைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்க வருடக்கணக்கில் உழைத்து 1947இல் யாழ் நூலைத் தந்துவிட்டுப் போனவர். தந்தி வாத்தியத்தை அப்படி நினைத்த மண்ணில் இருந்துகொண்டு நாம் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம். கிற்றாரில் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே போட்ட உலோகக் கம்பி) இருப்பதால் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) வராது என்று எங்கள் ஆக்களே சொல்வார்கள். ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வீணை கற்றார், பிறகு தந்தியை அமத்திச் சுரத்தை நெளிக்க ஃப்ரெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிற்றாரைச் செய்வித்து, 1970களில் சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு இருந்து வாசித்தார். விஷ்வ மோகன் பட் கிற்றாரை மடியில் படுக்க வைத்துச் சறுக்கி வாசிக்கிறார், 1994இல் கிராமி வாங்கினார். பிரசன்னா மின்கிற்றாரில் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார்.

வேகம் வேகம் என்கிற அந்த நண்பரிடம் சொல்லுங்கள், 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மெக்லாஃப்லின், பாக்கோ டி லூசியா, அல் டி மியோலா மூன்று பேரும் அம்பு, பெடல் (ஒலியை மாற்றுகிற கால்மிதி) ஆர்ப்பாட்டம் இல்லாமல் வாசித்த கச்சேரி ஒலிப்பதிவாக இருக்கிறது. முதலில் அதைக் கேட்கட்டும், பிறகு கதைப்போம்.

கல்லடிப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. இரவு நண்பர்களோடு இருந்து இதை வாசித்தோம், மல்ம்ஸ்டீன் நண்பன் அந்த சான் பிரான்சிஸ்கோ கச்சேரியை இரண்டு முறை போட்டுக் கேட்டான், ஆனாலும் மல்ம்ஸ்டீனை விடமாட்டானாம். இலக்கம் போடுவதில்லை என்று முடிவு. ஹென்ட்ரிக்ஸ் முதல் சனிக்கிழமை, தார்ப் இரண்டாவது, ஜாங்கோவும் அயோமியும் ஒன்றாக, ஃபிரெடி கிரீனும் நைல் ரொஜர்ஸும் ஒன்றாக, மெக்லாஃப்லினுக்கு ஒரு நாள் முழுதாக. காரைதீவு அக்கா அன்றைக்கு வீணையோடு வர முடியுமா? கிளாப்டனுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

கல்முனை ஸ்ட்ராட்:

கிளாப்டன் இல்லாமல் எப்படி? லண்டன் பொடியன்கள் ப்ளூஸ் பக்கம் திரும்பியதில் அவருக்கு எவ்வளவு பங்கு. மல்ம்ஸ்டீனைத் தூக்கிவிட்டு அவரைப் போடுங்கள், இல்லாவிட்டால் பி.பி. கிங்கோடு சேர்த்தாவது போடுங்கள், இரண்டு பேரும் ஒன்றாக வாசித்த இசைத்தட்டே இருக்கிறது.

ரிதம் கை:

ஃபிரெடி கிரீனைப் போனில் போட்டுக் காட்டாதீர்கள் தம்பி. அவர் அம்பு இல்லாமல் வாசித்தவர், பித்தளை வாத்தியங்களுக்கு அடியில் கிற்றார் இருப்பதே முதலில் கேட்காது. நல்ல ஸ்பீக்கர் இல்லையென்றால் நான் கொண்டுவருகிறேன், பேஸும் டிரம்ஸும் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளுக்குக் கையால் தட்டிக் காட்டினால் மறுகா தானாகக் கேட்கும். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் நேரத்தோடு சொல்லுங்கள், எனக்குக் கலியாண வீடு இருக்கும்.