45 வயதில் ஃபோர்மன் வென்றது அதிர்ஷ்டமா?

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 1994இல் மைக்கேல் மூரரை வீழ்த்தியது வெறும் அதிர்ஷ்டம் என்று எங்கள் பயிற்சிக்கூடத்தில் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா அண்ணா?

வேலந்தாவளம் பயிற்சியாளர்:
இல்லவே இல்லை தம்பி. மூரர் வீழ்ந்த பத்தாவது சுற்றை மட்டும் பார்த்தவர்களின் பேச்சு அது. மூன்று நடுவர்களின் புள்ளியிலும் ஃபோர்மன் பின்தங்கித்தான் இருந்தார். ஆனாலும் இடதுகை நேர்க்குத்தை அவர் விடவில்லை. மூரர் விலகாமல் எதிரிலேயே நின்றார். ஓர் இடது, உடனே வலது, தாடையில். ஒன்பது சுற்று உழைத்த இடதுகைதான் அந்த வலதுக்கு வழி திறந்தது. என் பிள்ளைகளுக்கு அந்தச் சுற்றுகளைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

நகரி வாசகர்:
1974இல் கின்ஷாசாவில் முகமது அலியிடம் தோற்றபோது அணிந்த அதே சிவப்புக் கால்சட்டையைத்தான் அன்றும் அணிந்திருந்தார். 1977இல் விலகி, மதபோதகராகிப் பத்தாண்டு கழித்துத் திரும்பியவர். மொத்தம் 76 வெற்றி, 5 தோல்வி. இருபது ஆண்டுப் பசியை அதிர்ஷ்டம் என்பது அநியாயம்.

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
இடதுகையை எப்படிப் பழகுவது அண்ணா?

வேலந்தாவளம் பயிற்சியாளர்:
வேகம் பிறகு வரட்டும். குத்திய கை நேராகக் கன்னத்துக்குத் திரும்புகிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்.