சீக்கோ 7548: புது பேட்டரி போட்டும் முள் அசையவில்லை

கேள்வி: பழைய சீக்கோ 7548 டைவர் வாட்ச் (நீரில் மூழ்குபவர்களுக்கான, பேட்டரியில் ஓடும் கைக்கடிகாரம்). பேட்டரி கசிந்து பச்சைப் பொடி படிந்திருந்தது. துடைத்துவிட்டு 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரி போட்டேன், நொடிமுள் அசையவே இல்லை. இந்த மெஷின் (வாட்சின் உள் இயந்திரம்) இப்போது தயாரிப்பில் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: பேட்டரியைக் கழற்றிவிட்டு முதலில் காயிலை (முள்ளை ஓட்டும் மின்கம்பிச் சுருள்) அளந்து பாருங்கள் சார். மல்டிமீட்டர் முனைகளைச் சுற்றிய கம்பியில் வைக்காதீர்கள், இரு கோடியிலும் உள்ள செம்புப் பட்டையில் வையுங்கள். சில கிலோ ஓம் காட்டினால் காயில் நல்லது. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. பேட்டரியை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் நுனி உரசினாலே போய்விடும்.

பதில் 2: கசிந்தது காரம் (ஆல்கலி), வெறுமனே துடைத்தால் போகாது. சர்க்யூட்டையும் காயிலையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பல்குத்தியில் பஞ்சு சுற்றி, ஒரு சொட்டு வினிகரில் நனைத்துக் கான்டாக்ட் ஸ்பிரிங்கை (பேட்டரியைத் தொடும் தகடு) தேயுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வினிகர் மிச்சமிருந்தால் மறுபடி அரிக்கும்.

பதில் 3: காயில் சரியென்றால் ரோட்டரை (காயிலின் மின்விசையால் சுழலும் சிறு உருளை) பாருங்கள். அது காந்தம், ஒரே ஒரு இரும்புத்துகள் ஒட்டினாலும் சுற்றாது. இரும்பு ட்வீசர் வேண்டாம், பித்தளையில் எடுங்கள். காயில் போயிருந்தால், மெஷின் கெடாத பழைய 7548 ஒன்றை உதிரிக்காகத் தேடுவதுதான் நல்ல வழி. விற்பவரிடம் காயில் ஓம் அளவைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.