'ஜஸ்ட் ஹாலர்' என்று மெயில் வந்தால் கோபமா?

மாடக்குளம்:
எங்கள் க்ளையண்ட் வட கரோலினாக்காரர். நேற்று ஒரு ரிப்போர்ட் அனுப்பிவிட்டு, கடைசி வரியில் 'இஃப் யூ கெட் ஸ்டக், ஜஸ்ட் ஹாலர்' என்று எழுதியிருக்கிறார். அகராதியில் 'கத்துதல், கூச்சலிடுதல்' என்று போட்டிருக்கிறது. மாட்டிக்கொண்டால் கத்து என்கிறாரா? டீம் லீடைக் கேட்டால் சிரிக்கிறார், பதிலைக் காணோம்.

வேப்பமரம்:
'ஏதாவதுன்னா ஒரு குரல் குடுங்க' என்போமே, அதுதான். கோபமெல்லாம் துளியும் இல்லை.

ராலேவாசி:
அதேதான். பல வருடமாக இந்த மாநிலத்தில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் தெற்கத்திப் பேச்சில் இது தினமும் காதில் விழும் வார்த்தை. இங்கே சாம்ப்சன் கவுண்டியில் ஸ்பைவிஸ் கார்னர் என்று ஒரு குக்கிராமம். 1969-இல் தொடங்கி 2016 வரை அங்கே ஹாலர் போட்டியே நடந்தது! போன் வராத காலத்தில் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குக் குரல் விடுவார்கள். காலையில் நலம் விசாரிக்க ஒரு ராகம், ஆபத்து என்றால் வேறு ராகம். பல நேரம் அதில் சொல்லே இருக்காது. சாதாரணக் குரலும் கள்ளக்குரலுமாக மாறி மாறி உடைந்து போகும். தொண்டை கிழியக் கத்துவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

'அட்' சேர்ந்தால் மட்டும் பார்த்து. அம்மா பிள்ளையை 'ஹாலர் அட்' செய்தால் அது திட்டு. அதையே இளவட்டங்கள் 'ஹாலா' என்று இழுத்து ஒரு பெண்ணிடம் சொன்னால், வழிகிறார்கள் என்று அர்த்தம்.

வேப்பமரம்:
அப்பலாச்சியா மலைப்பக்கம் ஊர்ப் பெயரிலேயே ஹாலர் வருகிறதே?

ராலேவாசி:
அது வேறு வார்த்தை. மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்னப் பள்ளத்தாக்கை 'ஹாலோ' என்பார்கள், அது பேச்சில் அப்படி ஆகிவிட்டது. பாடகி லொரெட்டா லின் பிறந்த கெண்டக்கி ஊர் புட்சர் ஹாலர். அங்கே ஒருவர் 'அப் த ஹாலர்' என்றால் வழி சொல்கிறார், காதைப் பொத்த வேண்டாம்.

மாடக்குளம்:
சரி, பதிலுக்கு நானும் 'வில் ஹாலர்' என்று போடலாமா?

ராலேவாசி:
தாராளமாக, ஆரம்பித்ததே அவர்தானே. அவருடைய பாஸ் சிசியில் இருந்தால் மட்டும் 'வில் லெட் யூ நோ' என்று போட்டுவிடுங்கள்.