புதுப்பிப்பு: ஆலயம் பூட்டியிருக்கையில் சபையைச் சேர்த்து வைப்பது

கூரை வேலைக்காக ஆலயம் பூட்டியிருக்கும்போது வாட்ஸாப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போதும் என்று முன்பு எழுதியிருந்தோம். போதாது. அனுப்புகிறவர் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்குச் செய்தி போகவே போகாது. தவிர, ஒரு பட்டியலில் 256 பேர்தான்.

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, கொசப்பேட்டை என்று பகுதிவாரியாகப் பிரித்து, பத்து வீட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். அவருக்கு முதல் வேலை, செய்தி அனுப்புகிறவர் எண்ணை அந்த வீட்டார் போனில் தானே பதிந்து கொடுப்பது.

பட்டன் போன் பெரியவர்களை நாலைந்து பேராகக் கான்ஃபரன்ஸ் காலில் சேர்க்கலாம். பாமாலைப் பாட்டை (ஆராதனைப் பாட்டை) எல்லோரும் சேர்ந்து பாடினால் குரல்கள் முன்னே பின்னே வந்து குழம்பும். ஒருவர் பாட, மற்றவர்கள் மியூட். பட்டன் போனில் மியூட்டைத் தேடுவது தனிப் பாடு!

வீட்டு ஜெபக்கூட்டம் மே மாதத்தில் மாலை ஆறரைக்கு மேல், மொட்டை மாடியில். வேலூர் வெயிலில் அதற்குமுன் தரை சுடும்.